அந்த நோட்டுப் புத்தகம் எங்களிடம் இருந்திருக்க வேண்டும்

அன்று செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்பே போன் அடித்தது. எங்கள் ஒருங்கிணைப்பாளரின் மகள் பேசினார். நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அந்த அம்மாவுக்கு முந்தின இரவு பக்கவாதம் வந்து, பேச்சு போய், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தார்கள். மகளின் அழுகையைக் கேட்டுக்கொண்டே படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். என்ன ஆறுதல் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. போனை வைத்த அடுத்த நொடி மனதில் வந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது: ஏழு மணி வண்டிக்கு யார் போவார்கள்?

எங்களுடையது சின்ன அறக்கட்டளை. தனியாக வாழ்கிற சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விடுவதுதான் எங்கள் வேலை. தன்னார்வலர்கள் அவரவர் காரில் வருவார்கள். ஒருவருக்கு வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். வெளியிலிருந்து பார்த்தால் இது வண்டி ஓட்டும் வேலை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், இது நாள் கணக்கு தவறக்கூடாத வேலை. ஒரு முறை தவறினாலே உடம்பில் நீர் தேங்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், மூச்சு முட்டும். வார இறுதியில் வரும் நீண்ட இடைவெளிக்குப் பிறகுதான் இவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று மருத்துவர்களே சொல்வார்கள். அந்த இடைவெளி இன்னும் ஒரு நாள் நீண்டால் என்ன ஆகும் என்பதை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று காலை முதல் சுற்றில் 14 பேர். யாருக்கு யார் வண்டி, யார் வீட்டில் சக்கர நாற்காலி இருக்கிறது, யாரைப் பின்வாசல் வழியாகத்தான் அழைத்து வர முடியும், எல்லாம் அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அலுவலகத்துக்கு ஓடினேன். அலமாரியில் நீல நிறக் கோப்பு ஒன்று இருந்தது. நெருக்கடிக்கால நடைமுறைகள், 34 பக்கம். அதைத் தட்டச்சு செய்தவனே நான்தான். தீப்பிடித்தால் என்ன, வெள்ளம் வந்தால் என்ன, பணம் கையாடப்பட்டால் என்ன, பத்திரிகையாளர்கள் கேட்டால் யார் பதில் சொல்வது என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பகுதி. நின்றபடியே புரட்டினேன். ஒவ்வொரு பகுதியிலும் முதல் வரி ஒன்றாகவே இருந்தது: “உடனடியாக ஒருங்கிணைப்பாளரைத் தொடர்பு கொள்ளவும்.” எட்டு பகுதியில் அந்த வரியை நானே எட்டு முறை அடித்திருக்கிறேன். அடிக்கும்போது ஒரு முறைகூட உறைக்கவில்லை.

அக்காவின் செல்போன் மகளிடம்தான் இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. விரல் வைத்தால்தான் திறக்கும். மயக்கத்தில் இருப்பவரின் விரலைப் பிடித்து அழுத்தச் சொல்லிப் பெற்ற மகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அலுவலகக் கணினியில் வண்டிப் பட்டியலின் பழைய எக்செல் ஒன்று கிடைத்தது. ஏழு மாதப் பழசு. அதில் இருந்த இரண்டு பேர் இறந்தே போயிருந்தார்கள். மின்னஞ்சலைத் திறக்கலாம் என்றால் பாஸ்வேர்டை மாற்ற ஓ.டி.பி. அக்காவின் போனுக்குப் போகிறது. வங்கிக்கும் அதே எண்தான். தன்னார்வலர்களோடு அவர் பேசியதெல்லாம் வாட்ஸப்பில், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. குழுவாகப் போட்டால் ஆளாளுக்குப் பேசிக் குழப்பிவிடுவார்கள் என்று அப்படியே பழக்கிவைத்திருந்தார். எங்கள் சேவை முழுவதும் ஒரு கைப்பேசிக்குள் அடங்கியிருந்தது. அது என் கண்ணெதிரே மேசைமேல் கிடந்தது. அவ்வப்போது அதிர்ந்து ஓயும். யாரோ கூப்பிடுகிறார்கள். கண்ணாடியில் எண் தெரிகிறது, பெயர் தெரிவதில்லை.

அப்போது அலுவலகத் தொலைபேசி அடித்தது.

“தம்பி, இன்னைக்கு வண்டி வருமா?”

குரல் தெரிந்த குரல். செவ்வாய், வியாழன், சனி வரும் பெரியவர் ஒருவர். எழுபதைத் தாண்டியவர். ஓய்வுபெற்ற அளவையாளர். உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: “நினைச்சேன். ராத்திரி எட்டு மணிக்கு அந்தம்மா மெசேஜ் போடாம இருக்க மாட்டாங்க. நேத்து வரல. சரி, பேப்பர் பேனா எடுங்க, சொல்றேன் எழுதிக்கோங்க.”

சொல்ல ஆரம்பித்தார். அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்தக் கிழமை எந்த வண்டி, ஓட்டுபவர் பெயர், போன் எண், இருட்டில் ஓட்ட முடியாதவர் யார், யார் வராவிட்டால் பதிலுக்கு யார் வந்தார்கள், எல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். அவருடையது மட்டும் இல்லை. அதே கூடத்தில், அதே நேரத்தில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் நாலு மணி நேரம் கிடப்பவர்கள் பேசிக்கொள்ளாமலா இருப்பார்கள்? அவரோடு சுற்றில் வருகிறவர்களின் விவரத்தையும் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தார். 14 பேரில் 11 பேருக்கு யார் வண்டி என்பது அந்த நோட்டில் இருந்தது. நான் எழுத, பக்கத்தில் இன்னொரு தன்னார்வலர் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட, ஏழே காலுக்கு முதல் வண்டி கிளம்பியது. மீதி மூவரில் இரண்டு பேரின் முகவரியை டயாலிசிஸ் மையத்திலிருந்த செவிலியர் தேடிக் கொடுத்தார்.

ஒருவர் விட்டுப்போனார். புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா. மையத்தில் அவர் கொடுத்திருந்த முகவரி பழையது. தொலைபேசியை எடுக்கவில்லை. காது சரியாகக் கேட்காது என்பது எங்களில் அக்காவுக்கு மட்டுமே தெரிந்த இன்னொரு விஷயம். மறுநாள் அதிகாலை மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில் போனார். பிழைத்துக்கொண்டார். நான் பார்க்கப் போனபோது அவர் கோபப்படவே இல்லை. “நீங்க வருவீங்கன்னு வாசப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்” என்றார். நாலு வருடம் ஆகிறது. இந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. இதை எழுதுவதும் அதனால்தான்.

திட்டம் யாரைக் காப்பாற்ற?

சில வாரம் கழித்து அந்தப் பெரியவரிடம் கேட்டேன். எதற்காக ஐயா இதையெல்லாம் எழுதி வைத்தீர்கள்? எங்கள்மேல் நம்பிக்கை இல்லாமலா? அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். “நம்பிக்கை இல்லாம இல்ல தம்பி. உங்களுக்கு இது சேவை. ஒரு நாள் முடியலேன்னா முடியல, அவ்வளவுதான். எனக்கு வாரத்துல மூணு நாள் இது நடந்தே ஆகணும். நடக்காம போனா என்ன பண்றதுன்னு நான்தானே யோசிச்சாகணும்?”

எங்கள் நீலக் கோப்புக்கும் அவருடைய நோட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதில் அடங்கிவிட்டது. எங்கள் கோப்பு ஏன் பிறந்தது என்றால், நிதி கொடுத்த ஒரு அமைப்பு விண்ணப்பத்தோடு அப்படி ஒன்று இணைக்கச் சொன்னது. நான் அதை எழுதியபோது மனதில் இருந்த கேள்வி, நமக்கு என்னென்ன கெட்டது நடக்கலாம் என்பது. அலுவலகம் எரியலாம், பெயர் கெடலாம், பணம் போகலாம். எல்லாமே நமக்கு நடப்பவை. பெரியவரின் நோட்டில் இருந்த கேள்வி வேறு. வண்டி வராவிட்டால் எனக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது? ஏன் வரவில்லை என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. தீயா, வெள்ளமா, பக்கவாதமா, நிதி நின்றதா, எதுவாக இருந்தாலும் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான். வண்டி வரவில்லை.

இந்த யோசனை புதிதல்ல என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. தொழில் தொடர்ச்சிக்கென்று, அதாவது நெருக்கடியிலும் வேலை நின்றுபோகாமல் இருப்பதற்கென்று, ஐ.எஸ்.ஓ. 22301 என்றொரு சர்வதேசத் தரம் 2012-ல் வந்தது, 2019-ல் திருத்தினார்கள். அதன் அடிப்படையே, ஒவ்வொரு வேலையும் நின்றுபோனால் எவ்வளவு நேரம் வரை தாங்கலாம் என்று முதலில் கணக்கிடுவதுதான். ஆபத்துகளின் பட்டியல் அதோடு சேர்ந்து வரும். நாங்கள் அந்தக் கணக்கைப் போடாமலேயே ஆபத்துகளின் பட்டியலை மட்டும் போட்டுவிட்டுத் திட்டம் முடிந்தது என்று இருந்தோம்.

எங்கள் துறையிலேயே இதற்குப் பெரிய படிப்பினை இருக்கிறது. 2005-ல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியபோது டயாலிசிஸ் நோயாளிகள் திக்குத் தெரியாமல் சிதறிப்போனார்கள். பிறகு அவர்களிடம் நடத்திய ஆய்வில், 100-க்கு 44 பேர் குறைந்தது ஒரு முறையாவது சிகிச்சையைத் தவறவிட்டிருந்தார்கள். ஏறக்குறைய 17 பேர் மூன்று முறை அல்லது அதற்கு மேல். ஏழு வருடம் கழித்து, 2012-ல் சாண்டி புயல் வருகிறது என்றதும் பல மையங்களில் செய்த காரியம் மிக எளிமையானது. புயல் கரையேறுவதற்கு முன்பே நோயாளிகளைக் கூப்பிட்டு, அவர்களுடைய முறை வருவதற்குள்ளாகவே டயாலிசிஸ் செய்து அனுப்பினார்கள். அப்படி முன்கூட்டியே செய்துகொண்டவர்கள் அடுத்த 30 நாளில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 28 சதவீதம் குறைவாக இருந்தது என்று பின்னால் வந்த ஆய்வு சொல்கிறது. யாரும் புயலை நிறுத்தவில்லை. கட்டடத்தைப் பலப்படுத்தவும் இல்லை. நோயாளியின் உடம்பில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, அதை ஒரு நாள் பின்னால் திருப்பி வைத்தார்கள். எனக்குத் தெரிந்து நெருக்கடிக்குத் தயாராவது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

நாங்களும் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டோம். எங்கள் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: இது நின்றால், யார், எத்தனை நேரத்தில் துன்பப்படுவார்? டயாலிசிஸ் வண்டிக்கு ஒரு நாள். மாத்திரை வாங்கிக் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள். தனியாக இருப்பவர்களைத் தினமும் போனில் விசாரிப்பதை நாங்கள் அதுவரை சின்ன விஷயமாக நினைத்திருந்தோம். கணக்குப் போட்டபோது அது இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. வீட்டில் வழுக்கி விழுந்தவரைக் கண்டுபிடித்துச் சொல்வது பெரும்பாலும் அந்த போன்தான். ஆண்டறிக்கையும் செய்திமடலும் நின்றால்? யாரும் துன்பப்பட மாட்டார்கள். என் நேரத்தில் பாதியைத் தின்பவை அவைதான் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

விவரமும் ஒரு பொறுப்பு

அந்தக் கணக்கு முடிந்த கையோடு எல்லாவற்றையும் எழுதி நாலு இடத்தில் வைத்துவிடலாம் என்று கிளம்பினேன். தடுத்தது மையத்து செவிலியர். யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார், எந்த நாள் எத்தனை மணிக்கு வீடு பூட்டியிருக்கும், சாவி எங்கே இருக்கும் என்பதெல்லாம் ஒரே தாளில் இருந்தால் அது திருடனுக்குத்தான் முதலில் உதவும் என்றார். அவர் சொன்னது சரி.

2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நடந்தது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. போரிலும் பேரிடரிலும் இடப்பெயர்விலும் பிரிந்துபோன குடும்பங்களைத் தேடிச் சேர்த்து வைக்கும் வேலைக்காக அவர்கள் வைத்திருந்த சர்வர்களுக்குள் ஊடுருவல்காரர்கள் நுழைந்துவிட்டார்கள். குறைந்தது 60 நாடுகளின் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் திரட்டிய, 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம். காணாமல் போனவர்கள், அவர்களைத் தேடும் உறவினர்கள், சிறையில் இருப்பவர்கள். ஊடுருவல் 2021 நவம்பர் 9-லேயே தொடங்கியிருக்கிறது. கண்டுபிடித்தது ஜனவரி 18. எழுபது நாள். மென்பொருளில் இருந்த ஒரு ஓட்டைக்கான திருத்தம் வெளிவந்தும் அந்த இடத்தில் சமயத்தில் போடப்படவில்லை என்பதை அவர்களே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். கண்டுபிடித்த மறுநாளே உலகத்துக்கு அறிவித்தார்கள். அந்தச் சர்வர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. நாளொன்றுக்குச் சராசரியாகக் காணாமல் போன 12 பேரைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்த வேலை அது. அங்கேயும் யாரோ வாசலில் காத்திருந்திருப்பார்கள் என்று அந்தச் செய்தியைப் படிக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

அதனால் எங்கள் தாள் சின்னதானது. தேவையானது மட்டும். நோயாளியின் பெயருக்குப் பதில் எண். வீட்டு விவரம் தனி உறையில், ஒட்டி, கையெழுத்திட்டு, மையத்தில் ஒன்று, அறங்காவலர் ஒருவரிடம் ஒன்று. பிரித்தால் யார் எப்போது பிரித்தார் என்று எழுத வேண்டும். நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் ஒரு அட்டை: உங்கள் வண்டி வராவிட்டால் கூப்பிட வேண்டிய மூன்று எண்கள், வேறு வேறு வீடுகளில் இருக்கும் மூன்று பேருடையவை. வங்கிக்கு இரண்டு பேர் கையெழுத்து என்பதோடு, ஓ.டி.பி. போகும் எண் அறக்கட்டளையின் பெயரில் வாங்கிய தனி எண். காது கேட்காதவர்களின் அட்டைக்கு வேறு நிறம். அவர்களுக்கு போன் அடிக்கக் கூடாது, ஆள் போக வேண்டும். எழுதும்போது இவையெல்லாம் இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் எனக்கு வேதனை. இரண்டு சனிக்கிழமை வேலை. அதைச் செய்ய ஒரு அம்மா மூச்சு முட்டிப் போக வேண்டியிருந்தது.

பெட்டியில் வைத்த பணம்

பணத்தைப் பற்றி எங்களுக்குள் நடந்த சண்டை நீண்டது. எங்கள் அறங்காவலர்களில் மூத்தவர் ஒருவர், அப்பழுக்கற்றவர், கையிருப்பு என்ற சொல்லையே விரும்ப மாட்டார். “ஜனங்க நோயாளிகளுக்குன்னு கொடுத்தாங்க. நம்ம பெட்டியில பூட்டி வைக்கவா கொடுத்தாங்க?” என்பார். நான் பல வருடம் அவர் பக்கம்தான் நின்றேன். நமக்கென்று ஒதுக்குவது கொடுத்தவரிடமிருந்து எடுப்பது போல ஒரு குற்ற உணர்ச்சி தொண்டு செய்பவர்கள் எல்லோருக்கும் இருக்கிறது. வெளியில் இருப்பவர்களும் நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்றுதான் முதலில் கேட்பார்கள். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று பெரிய அமைப்புகள் 2013-ல் சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடலே எழுதின: அந்த சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்று. மடல் வந்தது, கேள்வி மாறவில்லை.

என் மனம் மாறியது, லண்டனில் கிட்ஸ் கம்பெனி என்ற தொண்டு நிறுவனம் மூடப்பட்டதைப் பற்றிப் படித்தபோது. 1996-ல் தொடங்கி, ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஆதரவாக இருந்த நிறுவனம். 2015 ஆகஸ்ட் 5 அன்று கதவைச் சாத்தியது. சில நாள் முன்புதான் அரசிடமிருந்து 30 லட்சம் பவுண்டு வந்திருந்தது. கையிருப்பு போதுமானதாக இருந்ததே இல்லை என்று நாடாளுமன்றக் குழு கண்டித்தது. 2021-ல் உயர் நீதிமன்றம், அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்ய மறுத்து, அவர்கள்மேல் தவறில்லை என்று சொன்னதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னால் ஆதாரமற்றவை என்று தெரியவந்த குற்றச்சாட்டுகள் அந்த நேரத்தில் கிளம்பாமல் இருந்திருந்தால் அது பிழைத்திருக்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. யார் பக்கம் நியாயம் என்று அலசுவது என் நோக்கமில்லை. நல்லவர்கள் நடத்தினாலும், ஒரு கெட்ட வாரத்தைத் தாண்ட வழியில்லாத நிறுவனத்தை நம்பி வந்த குழந்தை பூட்டிய கதவைத்தான் பார்க்கும். 2025 ஜனவரி 20-ல் அமெரிக்கா வெளிநாட்டு வளர்ச்சி உதவியை 90 நாளுக்கு நிறுத்தி வைத்து உத்தரவிட்டபோது இதே காட்சி உலகம் முழுக்க நடந்தது. சில நாளிலேயே வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதங்கள் போயின. ஒரே இடத்துப் பணத்தை நம்பியிருந்தவர்களுக்கு யோசிக்க ஒரு வாரம்கூடக் கிடைக்கவில்லை.

அந்த மூத்தவரிடம் நான் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். நாளைக்கே நாம் மூட வேண்டி வந்தால், ஒரு நோயாளியை வேறொரு ஏற்பாட்டில் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை நாள் ஆகும்? அவரே கணக்குப் போட்டார். உறவினரைக் கண்டுபிடிக்க, வேறு அமைப்போடு பேச, மையத்தை மாற்ற, ஆறு வாரமாவது ஆகும் என்றார். அப்படியானால் அந்த ஆறு வாரத்துக்கான செலவு நம்முடைய பணமா, அவர்களுடைய பணமா? அவர் வெகு நேரம் பேசவில்லை. “அவங்களோடதுதான்” என்றார். அப்புறம் அவரே தீர்மானத்தை எழுதினார். எல்லா நிறுவனத்துக்கும் மூன்று மாதம், ஆறு மாதம் என்று பொதுவாகச் சொல்லும் அளவுகளில் எனக்கு அதனால்தான் பிடிப்பில்லை. உங்களை நம்பியிருப்பவரை நல்லபடியாக ஒப்படைக்க எத்தனை நாள் ஆகுமோ, அதுதான் உங்கள் அளவு.

ஆனால் அதைக் கொடுப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் சிறப்பு நிதிக்கு 50 கோடி டாலருக்கும் மேல் குவிந்தது. அதில் ஒரு பகுதியை எதிர்காலத் தேவைகளுக்கு ஒதுக்க நினைத்தார்கள். எதிர்காலத்துக்கு ஒதுக்குவது தவறான யோசனையே இல்லை. ஆனால் கொடுத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று நினைத்துக் கொடுத்தார்கள். கோபம் வெடித்து, நவம்பரில் முழுத் தொகையும் பாதிக்கப்பட்டவர்களுக்கே என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இதற்கு நேர்மாறாக, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஒரு காரியம் செய்தது. ஒரு வாரம் கழித்து ஜனவரி 3-ஆம் தேதி, சுனாமிக்கு எங்களால் செலவிட முடிகிற அளவு வந்துவிட்டது, அதற்கென்று இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே வந்து மிஞ்சியதை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டார்கள். பெரும்பாலானோர் சரி என்றார்கள். உலகமே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில் போதும் என்று சொல்ல எவ்வளவு முன்யோசனையும் மனத்திடமும் வேண்டும் என்று நான் இன்றும் வியக்கிறேன். எங்கள் ரசீதிலும் இப்போது ஒரு வரி இருக்கிறது: உங்கள் நன்கொடையில் ஒரு பகுதி, நாங்கள் தொடர முடியாமல் போனால் நோயாளிகளைக் கைவிடாமல் இருப்பதற்காக ஒதுக்கப்படுகிறது. இதுவரை யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒருவர் மட்டும் போன் செய்து, இதுக்குன்னே தனியா கொஞ்சம் அனுப்பலாமா என்று கேட்டார்.

அக்கா கேட்டது

அக்கா பிழைத்து வந்தார். பேச்சு திரும்ப எட்டு மாதம் ஆனது. வலது கை இன்னும் முழுதாக வரவில்லை. முதல் முறை அலுவலகத்துக்கு வந்தபோது புதிய தாளை, அட்டைகளை, உறைகளை எல்லாம் பெருமையாகக் காட்டினேன். அவர் முகம் வாடியது. மெல்ல, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டார்: “இவ்வளவு நாள்... நான்... பார்த்துக்கலையா?”

நான் அதை எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடம் அவர் ஒரு நாள்கூடப் போனை அணைத்ததில்லை. ஊருக்குப் போனாலும் வண்டி, கல்யாண வீட்டிலும் வண்டி. அவர் எழுதி வைக்காமல் போனதற்குச் சோம்பல் காரணமில்லை. எல்லாம் தன் தலையில் இருக்கும்வரை யாரும் விட்டுப்போக மாட்டார்கள் என்று அவர் முழுமனதோடு நம்பினார். அது அவருடைய அன்பு. நாங்களும் அந்த அன்பில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டோம். ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் இவர் இல்லாவிட்டால் இந்த அமைப்பே இல்லை என்று மேடையில் பாராட்டினோம். அந்தப் பாராட்டு எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்பது எங்களில் ஒருவர் காதிலும் விழவில்லை. குற்றம் என்று ஒன்று இருந்தால் அது அவர் தலையில் அத்தனையையும் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய எங்களுடையது. இதை அவரிடம் சொன்னேன். வாசப்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நீண்ட நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை இடது கையால் இழுத்து, பேனாவைக் கேட்டு, காது கேட்காத இன்னும் இரண்டு பேரின் எண்களில் கோணல் மாணலாக ஒரு குறி போட்டார்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் “இல்லாமல் போகிறார்”. யார், எந்த நாள் என்று சீட்டு எடுப்போம். அவர் அன்று போனை அணைத்துவிட வேண்டும். அக்கா முறை வந்தபோது அவர் அணைக்கவே மறுத்தார். மகள்தான் வாங்கி அணைத்தார். வண்டிகள் போயின. என் முறை வந்தபோது சம்பளப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை என்பது வெளியே வந்தது. ஒவ்வொரு ஒத்திகையிலும் ஏதாவது ஒன்று வெளியே வருகிறது. கோப்பைத் திரும்ப எழுதியதைவிட இந்த ஒரு பழக்கம்தான் எங்களை மாற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெரியவர் நோட்டை நிறுத்தவில்லை. இனிமேல் தேவையில்லை ஐயா, எல்லாம் எங்களிடமே இருக்கிறது என்று ஒரு முறை சொன்னேன். “இருக்கட்டும் தம்பி” என்றார். அதனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை, அவருக்கு ஊசி குத்தி இயந்திரம் ஓட ஆரம்பித்த பிறகு, படுக்கைப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவேன். அவர் நோட்டை நெஞ்சின்மேல் சாய்த்துப் பிடித்து வாசிப்பார், நான் எங்கள் தாளில் சரிபார்ப்பேன். போன மாதம் இரண்டு இடத்தில் வேறுபாடு இருந்தது. ஒரு டிரைவரின் புதிய எண், ஒரு அம்மா வீடு மாறிய தேதி. இரண்டிலும் அவர் நோட்டில் இருந்ததுதான் சரி.